பார்க் ராயல்: லண்டனுக்கு மாடிப் பேருந்து கட்டிய தொழிற்சாலை

மேற்கு லண்டனின் ஆபி சாலையில் 1924 முதல் 1980 வரை இயங்கிய பேருந்துக் கூண்டு கட்டும் தொழிற்சாலை பார்க் ராயல். லண்டன் என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் சிவப்பு மாடிப் பேருந்துகளில் மிகப் பெரும் பங்கு இங்கிருந்துதான் வெளிவந்தது. ஆர்.டி. வகைப் பேருந்துகளில் பல ஆயிரமும், முன்மாதிரிகள் நீங்கலாக ரூட்மாஸ்டர்கள் அனைத்தும் இத்தொழிலாளர்களின் கைவேலை. ஆயினும் பேருந்து ஆர்வலர் வட்டத்துக்கு வெளியே இந்தப் பெயரை அறிந்தவர் குறைவு. அதற்குக் காரணம் இத்தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

பேருந்து ஒன்று பெரும்பாலும் இரண்டு இடங்களில் உருவாகும். என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, சக்கரங்கள் எல்லாம் பொருத்திய சேசிஸ் ஒரு நிறுவனத்திலிருந்து வரும். அதன்மேல் பயணிகள் அமரும் கூண்டை வேறொரு பட்டறை கட்டித் தரும். கரூரில் பஸ் பாடி கட்டும் தொழிலை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பிரிட்டனிலும் ஏ.இ.சி., லேலண்ட், டெய்ம்லர், கை, பிரிஸ்டல் முதலிய நிறுவனங்கள் சேசிஸ் செய்தன. கூண்டு கட்டுவதற்கெனத் தனியாகப் பல பட்டறைகள் இருந்தன. வாங்குபவர் தமக்குப் பிடித்த சேசிஸையும் பிடித்த பட்டறையையும் தனித்தனியே தேர்ந்துகொள்வார். ஒவ்வொரு மாநகராட்சிக்கும் படி எங்கே இருக்க வேண்டும், இருக்கைக்கு எந்தத் துணி, பக்கவாட்டில் எந்த நிறக் கோடு என்று தனித்தனி விருப்பங்கள் இருந்தன. ரேடியேட்டரின் நெற்றியில் சேசிஸ் நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று தெரியும். கூண்டு கட்டியவரின் பெயரோ கண்ணில் படாத ஓர் இடத்தில் சிறு தகடாக ஒதுங்கிவிடும். பயணி தொடுவது, அமர்வது, பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் கூண்டுதான் என்றாலும், வரலாற்றில் பெயர் வாங்கியது பெரும்பாலும் சேசிஸ்தான்.

பார்க் ராயல் என்ற இடப்பெயருக்கும் அரண்மனைக்கும் தொடர்பு இல்லை. அரச வேளாண்மைச் சங்கம் தன் ஆண்டுக் கண்காட்சியை நிரந்தரமாக ஓரிடத்தில் நடத்த விரும்பி 1903இல் இங்கே ஒரு மைதானத்தைத் திறந்தது. கூட்டம் வரவில்லை, நட்டம்தான் மிஞ்சியது. 1905க்குப் பிறகு சங்கம் இடத்தைக் கைவிட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. முதல் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிற்சாலைகள் இங்கே முளைத்தன. போர் முடிந்ததும் காலியான கட்டடங்கள், கிராண்ட் யூனியன் கால்வாய், ரயில் பாதைகள், அருகிலேயே லண்டன் சந்தை என எல்லாம் கூடி, 1920களில் இப்பகுதியை ஒரு பெரிய தொழிற்பேட்டையாக மாற்றின.

அப்படி வந்த நிறுவனங்களில் ஒன்று ஹால் லூயிஸ். வேல்ஸைச் சேர்ந்த இந்த நிறுவனத்தின் பழைய தொழில் ரயில் சரக்கு வேகன்கள் கட்டுவது. 1924இல் அது பார்க் ராயலில் பேருந்துக் கூண்டு வேலையைத் தொடங்கியது. மோட்டார்ப் பேருந்து பிரிட்டிஷ் நகரங்களிலும் கிராமங்களிலும் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த காலம் அது.

அன்றைய கூண்டு அடிப்படையில் தச்சர் வேலை. ஆஷ் மரத்திலோ தேக்கிலோ சட்டங்களை இழைத்து, மூட்டுகளை இரும்புத் தகடுகளால் இறுக்கி எலும்புக்கூடு போல ஒரு சட்டகம் எழுப்புவார்கள். அதன்மேல் தகடு அடிக்கும் கொல்லர்கள் கையாலேயே வளைத்தெடுத்த உலோகத் தகடுகள் ஏறும். பின்னர் தையல்காரர் இருக்கைகளுக்கு உறை தைப்பார். வண்ணம் பூசுபவர்கள் பூச்சின்மேல் பூச்சாகப் பூசித் தேய்த்து மெருகேற்றுவார்கள். குதிரை வண்டிக் காலத்துக் கைத்திறன் ஏறக்குறைய அப்படியே மோட்டார் யுகத்துக்கு இடம் மாறியிருந்தது. இந்த முறையில் ஒரு குறை இருந்தது. சாலையின் குலுக்கலில் மர மூட்டுகள் தளரும், மழை நீர் புகுந்து சட்டங்கள் உளுக்கும். பேருந்தின் சேசிஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கூண்டு உதவாமல் போய், அதன்மேல் புதுக் கூண்டு கட்டுவது வழக்கமாக இருந்தது.

1930இல் ஹால் லூயிஸ் நொடித்தது. அதே இடத்தில், அதே தொழிலாளர்களோடு பார்க் ராயல் கோச்வொர்க்ஸ் என்ற புதிய நிறுவனம் எழுந்தது. 1930கள் இந்தத் தொழிலுக்கே திருப்புமுனை. மரச் சட்டகத்தின் இடத்தை எஃகுச் சட்டகம் பிடிக்கத் தொடங்கியது. மெட்ரோ-காம்மெல், வெய்மன் ஆகியவற்றோடு பார்க் ராயலும் உலோகச் சட்டகக் கூண்டுகளில் பெயர் எடுத்தது. 1933இல் லண்டன் நகரப் போக்குவரத்து முழுவதும் ஒரே வாரியத்தின் கீழ் வந்தது. அந்த வாரியம் தனக்கு வேண்டிய கூண்டுகளில் பெரும்பகுதியைத் தன் சிஸ்விக் பணிமனையிலேயே கட்டிக்கொண்டது. மிஞ்சியதை வெளியே கொடுத்தது. டிராம்களுக்குப் பதிலாக வந்த டிராலிபஸ்களில் ஒரு பங்கும் சாதாரணப் பேருந்துகளில் ஒரு பங்கும் இவ்வாறு பார்க் ராயலுக்குக் கிடைத்தன.

சில மைல் மேற்கே சௌத்தாலில் ஏ.இ.சி.யின் சேசிஸ் தொழிற்சாலை இருந்தது. இரண்டுக்கும் இடையே நெருக்கம் வளர இந்த அண்மையே போதுமானதாக இருந்தது. அந்த நெருக்கத்தின் முதல் பெரிய விளைவு ஒரு பேருந்து அல்ல, ரயில் பெட்டி. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக ஏ.இ.சி. 1933இல் செய்த முதல் டீசல் ரயில்காருக்குக் கூண்டு கட்டியது பார்க் ராயல். 130 குதிரைத்திறன் என்ஜின், 69 இருக்கைகள், மணிக்கு ஏறத்தாழ 60 மைல் வேகம். காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த வளைந்த உடலைப் பார்த்து மக்கள் அதற்குப் பறக்கும் வாழைப்பழம் என்று பெயர் வைத்தார்கள். பேருந்துப் பட்டறை ஒன்று கற்ற இலகுவான கட்டுமானமுறை தண்டவாளத்துக்கும் பொருந்தும் என்பதை இந்த வண்டி காட்டியது.

இரண்டாம் உலகப்போர் இந்தத் தொழிலை நேர் எதிரான இரு திசைகளில் இழுத்தது. ஒரு பக்கம், பேருந்துகளின் தரம் வேண்டுமென்றே தாழ்த்தப்பட்டது. அரசு அனுமதித்த போர்க்காலப் பேருந்துகளில் வளைந்த தகடுகள் கூடாது, ஏனென்றால் அவற்றை அடித்தெடுக்கத் தேர்ந்த கைகள் வேண்டும். அலுமினியம் விமானங்களுக்குப் போனதால் பேருந்துக்கு எஃகுத் தகடுதான். பல வண்டிகளில் இருக்கைகள் மெத்தையின்றி மரப் பலகைகளாக இருந்தன. திறக்கும் சன்னல்கள் ஒவ்வொரு பக்கமும் ஓரிரண்டுதான். நன்றாக உலராத மரத்தால் சட்டகம் கட்டியதால் அவை போர் முடிந்து சில ஆண்டுகளிலேயே தளர்ந்தன. கை, டெய்ம்லர் சேசிஸ்கள்மேல் பார்க் ராயல் இத்தகைய மாடிப் பேருந்துகளைக் கட்டித் தந்தது. கரடுமுரடாகத் தோன்றினாலும், குண்டு விழும் நகரங்களில் தொழிலாளர்களை ஆயுதத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுசேர்த்தவை அவைதான்.

மறுபக்கம், அதே தொழிலாளர்கள் தங்கள் வாழ்நாளில் பார்த்திராத துல்லியத்தைக் கற்றார்கள். லண்டன் போக்குவரத்து வாரியம், கிரைஸ்லர், டூப்பிள், எக்ஸ்பிரஸ் மோட்டார், பார்க் ராயல் ஆகிய ஐந்தும் சேர்ந்து லண்டன் விமான உற்பத்திக் குழு என்ற பெயரில் ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைக் கட்டின. பாகங்களைப் பிரித்துக்கொண்டு செய்து, லீவ்ஸ்டன் விமானத்தளத்தில் இறுதியாகப் பொருத்தினார்கள். பார்க் ராயலின் பங்கு இறக்கைகளின் வெளிப்பகுதிகள். 1945 ஏப்ரலில் வெளிவந்த கடைசி விமானத்தோடு எண்ணிக்கை 710ஐத் தொட்டது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் முன்பு விமான வேலையே அறியாதவர்கள். பெண்கள் பெருமளவில் இருந்தனர். மெல்லிய அலுமினியத் தகட்டையும் ரிவெட்டையும் கொண்டு, தனிச் சட்டம் இல்லாமல் தோலே சுமையைத் தாங்கும்படி கட்டுவது எப்படி என்ற பாடம் இங்கேதான் கிடைத்தது. பத்தாண்டு கழித்து ரூட்மாஸ்டரில் அது பலன் தந்தது.

1946இல் நிறுவனத்தின் பெயர் பார்க் ராயல் வெஹிக்கிள்ஸ் ஆனது. அடுத்த ஆண்டே லீட்ஸ் நகரத்தின் சார்லஸ் ஹெச். ரோ நிறுவனத்தை அது வாங்கியது. தேக்குச் சட்டகக் கூண்டுகளுக்கு வடக்கு இங்கிலாந்தில் பெயர் பெற்ற பட்டறை ரோ. இந்தத் துணை நிறுவனம் பின்னாளில் தாய் நிறுவனத்தைவிட நீண்ட வாழ்வு பெறப்போகிறது என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. 1949இல் ஏ.இ.சி.யின் தாய்க் குழுமமான ஏ.சி.வி. பார்க் ராயலையே வாங்கிக்கொண்டது. சேசிஸும் கூண்டும் ஒரே முதலாளியின் கீழ் வந்தன. அயர்லாந்தின் ரயில் நிறுவனங்களுக்காக ஏ.இ.சி. எந்திரங்களோடு டீசல் ரயில்கார்கள் தொடர்ச்சியாகக் கட்டப்பட்டன. அயர்லாந்தின் தேசியப் போக்குவரத்து நிறுவனம் மட்டும் அறுபது வாங்கியது. பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளைப் பாதைகளுக்கு 1958இல் ஐந்து ரயில்பஸ்கள் செய்து தரப்பட்டன.

இந்த எல்லா வேலைகளையும் சிறிதாக்கிவிட்டது ஆர்.டி. பேருந்து. லண்டன் வாரியத்தின் தலைமைப் பொறியாளர் ஏ.ஏ.எம். டுரன்ட் தலைமையில் 1930களின் இறுதியில் உருவான வடிவமைப்பு இது. போர் உற்பத்தியை நிறுத்துவதற்கு முன் 151 வண்டிகளே வந்தன. அவற்றின் கூண்டுகள் சிஸ்விக்கில் கட்டப்பட்டவை. போர் முடிந்ததும் லண்டனின் பேருந்துகள் நைந்துபோயிருந்தன, பயணிகளோ முன் எப்போதும் இல்லாத அளவு பெருகியிருந்தனர். ஆயிரக்கணக்கில் வண்டிகள் உடனே வேண்டும் என்ற நிலையில் சிஸ்விக்கால் தாக்குப்பிடிக்க முடியாது. வேலையின் பெரும்பகுதி பார்க் ராயலுக்கும் ஆடில்ஸ்டோனிலிருந்த வெய்மனுக்கும் போனது. 1947 முதல் 1954 வரை உற்பத்தி இடையறாது நடந்தது. ஏ.இ.சி. சேசிஸில் ஆர்.டி., லேலண்ட் சேசிஸில் ஆர்.டி.எல்., அகலம் கூடிய ஆர்.டி.டபிள்யூ. என்ற மூன்று வகையும் சேர்த்து இந்தக் குடும்பத்தின் எண்ணிக்கை ஏறத்தாழ 7,000.

இந்த எண்ணிக்கையைவிட முக்கியமானது கட்டிய முறை. பழைய வழக்கப்படி ஒரு கூண்டு அதற்கென்றே உரிய சேசிஸின்மேல் அளந்து அளந்து ஏற்றப்படும், வேறொன்றில் பொருந்தாது. ஆர்.டி.யில் ஏறக்குறைய எல்லாக் கூண்டுகளும் ஒரே அச்சுச் சட்டங்களில் பொருத்தி, ஒரே அளவில் எடுக்கப்பட்டன. பார்க் ராயல் கட்டிய கூண்டை வெய்மன் கூண்டு இருந்த சேசிஸில் தயக்கமின்றி ஏற்றலாம். இந்தத் துல்லியத்தை நம்பியே லண்டன் போக்குவரத்து ஆல்டன்ஹாமில் ஒரு மாபெரும் பழுதுநீக்கும் பணிமனையை அமைத்தது. பேருந்து உள்ளே வந்ததும் கூண்டைச் சேசிஸிலிருந்து கழற்றி, பாரந்தூக்கியில் தொங்கவிட்டு வேறு வரிசைக்கு அனுப்புவார்கள். சேசிஸ் வேலை சீக்கிரம் முடியும், கூண்டு வேலைக்கு நாள் பிடிக்கும். அதனால் முதலில் தயாராகும் சேசிஸின்மேல் அப்போது தயாராக இருக்கும் ஏதோவொரு கூண்டு ஏறும். ஒரே பதிவெண்ணோடு ஒரு வண்டி தன் வாழ்நாளில் பல கூண்டுகளை மாற்றிக்கொண்டது. ஷெஃபீல்டின் கிராவன்ஸ் நிறுவனம் தன் வழியில் கட்டித் தந்த 120 ஆர்.டி. கூண்டுகள் இந்த ஒழுங்கில் சேராததால் பத்தாண்டுகூட ஆகாமல் 1956, 57இல் விற்றுத் தள்ளப்பட்டன. பார்க் ராயல் கூண்டுகளோ 1970களிலும் லண்டனில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பட்டறையின் பெருமையை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.

1950களின் நடுவில் தொலைக்காட்சியும் சொந்தக் காரும் பயணிகளைக் குறைத்தன. 1958இல் ஏழு வாரம் நீடித்த லண்டன் பேருந்து வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சேவைகள் மேலும் வெட்டப்பட்டன. நல்ல நிலையிலிருந்த ஆர்.டி. குடும்பப் பேருந்துகள் உபரியாகின. அதே ஆண்டு ஜனவரியில் இலங்கை அரசு தனியார் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கி இலங்கை போக்குவரத்துச் சபையைத் தொடங்கியிருந்தது. புதிய சபைக்கு வண்டிகள் உடனே தேவை. லண்டனின் பழைய மாடிப் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் கப்பலேறிக் கொழும்பு சேர்ந்தன. இரு நாடுகளிலும் சாலையின் இடப்பக்கமே போவதால், பின்புறத் திறந்த படியை இடம் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. லண்டனின் மூடுபனிக்கும் குளிருக்கும் கட்டிய கூண்டுகள் கொழும்பின் வெயிலிலும் கடற்காற்றிலும் கூட்ட நெரிசலிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தன. இ.போ.ச.வின் அந்த இரட்டைத்தட்டு பஸ்களில் பயணம் செய்த தலைமுறை, பார்க் ராயல் பெயரை அறியாமலே அதன் கைவேலையைத் தினமும் தொட்டுவந்தது.

ஆர்.டி.க்கு அடுத்தது எது என்ற கேள்விக்கு லண்டன் போக்குவரத்து 1954இல் முன்மாதிரியாக ஒரு விடையைக் காட்டியது. அதுதான் ரூட்மாஸ்டர். டுரன்ட் குழு போர்க்கால விமானக் கட்டுமானத்தின் பாடத்தை நேரடியாக இதில் இறக்கியது. தனிச் சேசிஸ் என்பதே இல்லை. அலுமினியக் கூண்டே வண்டியின் முதுகெலும்பு. என்ஜினும் முன் அச்சும் தாங்கிய ஒரு துணைச்சட்டம் முன்னே, பின் அச்சு தாங்கிய இன்னொன்று பின்னே, இரண்டும் கூண்டின் அடியில் கோத்துக்கொள்ளும். முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன், பவர் ஸ்டியரிங், தானியங்கிக் கியர், ஹைட்ராலிக் பிரேக் என்று அன்றைய கார்களிலேயே அரிதாக இருந்த வசதிகள் இதில் இருந்தன. 56 பேர் அமர்ந்த ஆர்.டி.யைவிட எட்டு இருக்கை கூடுதல். எடையோ சற்றுக் குறைவு. வெளித்தோற்றத்தையும் உட்புறத்தையும் செதுக்கியவர் டக்லஸ் ஸ்காட். வளைந்த கூரை ஓரமும் சன்னலின் உருண்டை மூலைகளும் அவர் கைவண்ணம்.

முன்மாதிரிகள் நான்கு. முதல் இரண்டும் சிஸ்விக்கில் உருவானவை, மூன்றாவது வெய்மன் கட்டியது, நான்காவது லோவஸ்டாஃப்டில் இருந்த ஈஸ்டர்ன் கோச் வொர்க்ஸ் கட்டியது. முதல் வண்டி 1956 பிப்ரவரி 8இல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. தொடர் உற்பத்தி என்று வந்தபோது அந்த வேலை முழுவதும் பார்க் ராயலுக்கு வந்தது. இயங்கு பாகங்கள் சௌத்தாலிலிருந்து ஏ.இ.சி. அனுப்பியவை. சேசிஸ் இல்லாத வண்டி என்பதால், கூண்டு கட்டும் இடமே முழுப் பேருந்தும் பிறக்கும் இடமாயிற்று. 1959 முதல் இவை லண்டனின் டிராலிபஸ்களை ஒவ்வொரு தடமாக விலக்கின. 1962 மே 8இல் கடைசி டிராலிபஸ் ஓய்ந்தது. 27 அடி 6 அங்குல நீளத்தில் 64 இருக்கைகள் கொண்டது அடிப்படை வகை. நடுவில் ஒரு சிறு சன்னல் துண்டைச் சேர்த்து 30 அடிக்கு நீட்டி, 72 இருக்கையாக்கியது இன்னொரு வகை. புறநகர்ப் பயணத்துக்கான கிரீன் லைன் வகையும் இருந்தது. ஹீத்ரோ விமானநிலையத்துக்குப் பயணிகளை அழைத்துச்சென்ற பி.இ.ஏ. விமான நிறுவனம் 65 வாங்கியது. லண்டனுக்கு வெளியே இதைப் புதிதாக வாங்கிய ஒரே பேருந்து நிறுவனம் நார்தர்ன் ஜெனரல், அதுவும் 50தான். மொத்தம் 2,876 ரூட்மாஸ்டர்கள். கடைசி வண்டி 1968 மார்ச் 1இல் சேவைக்கு வந்தது.

லண்டனைத் தவிர வேறு யாரும் பெரிதாக ஏன் வாங்கவில்லை என்பதில் பார்க் ராயலின் பிற்காலக் கதையே அடங்கியிருக்கிறது. ரூட்மாஸ்டர் ஆல்டன்ஹாம் போன்ற ஒரு பணிமனையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது; அத்தகைய பணிமனை வேறெந்த நகரத்திடமும் இல்லை. மாநகராட்சிகளும் தங்கள் விருப்பப் பட்டறையைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. இதே தடை ஏ.இ.சி.யின் பிரிட்ஜ்மாஸ்டர் பேருந்திலும் தெரிந்தது. தாழ்வான பாலங்களுக்கு அடியில் போகும் வகையில் உயரம் குறைத்து, சேசிஸும் கூண்டும் ஒன்றாக இணைத்துப் பார்க் ராயல் கட்டிய வண்டி அது. நல்ல யோசனைதான். ஆனால் பெட்டிபோன்ற தோற்றமும், வேறு பட்டறையிடம் போக வழியில்லாத நிபந்தனையும் விற்பனையைக் குறைத்தன. 1962இல் ஏ.இ.சி. பழையபடி தனிச் சேசிஸோடு ரினவுன் என்ற வகையைக் கொண்டுவர நேர்ந்தது. அதே ஆண்டு ஏ.சி.வி. குழுமம் லேலண்ட் நிறுவனத்தோடு இணைந்தது. நெடுங்காலப் போட்டியாளரின் குடையின் கீழ் ஏ.இ.சி.யும் பார்க் ராயலும் ரோவும் வந்தன. சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டின் பங்குதாரராக 1955 முதல் இருந்ததும் இதே லேலண்ட்தான்.

ரூட்மாஸ்டரின் பின்படி, ஒரு கண்டக்டர் இருப்பார் என்ற நம்பிக்கையில் திறந்திருந்தது. ஆள் பற்றாக்குறையும் கூலிச் செலவும் அந்த நம்பிக்கையை உடைத்தன. என்ஜினைப் பின்னுக்குத் தள்ளி, கதவை முன்னே வைத்து, டிரைவரே கட்டணம் வாங்கும்படி லேலண்ட் 1958இல் அட்லாண்டியனை அறிமுகப்படுத்தியிருந்தது. மாடிப் பேருந்தை ஒருவரே ஓட்டி வசூலிக்கச் சட்டம் 1966இல் இடம் தந்தது. புதிய பேருந்துக்கு அரசு மானியம் தரும் திட்டம் 1968இல் வந்தது. முதலில் விலையில் கால் பங்கு, பின்னர் பாதி. ஆனால் ஒருவர் ஓட்டும் வகைக்கு மட்டுமே மானியம். இரண்டு ஆள் வண்டிக்கு அத்தோடு சந்தை மூடியது.

பார்க் ராயல் சும்மா இருக்கவில்லை. 1966இல் என்ஜினைப் பின்னே வைத்த ஒரு ரூட்மாஸ்டரைக் கட்டிக் காட்டியது. ஏறத்தாழ 60 சதவீதப் பாகங்கள் பழைய ரூட்மாஸ்டருக்கும் பொது. எஃப்.ஆர்.எம். 1 என்ற அந்த ஒரே வண்டி லண்டன் தெருக்களில் ஓடித் தன் தகுதியை நிரூபித்தது. லேலண்ட் அதைத் தொடரவில்லை. அட்லாண்டியனும், பின்னர் கைக்கு வந்த டெய்ம்லர் ஃப்ளீட்லைனும் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்பது நிர்வாகத்தின் கணக்கு. இந்த முடிவு தவறு என்று சொல்லப் போதிய காரணம் அடுத்த பத்தாண்டுகளில் கிடைத்தது. 1971 முதல் லண்டன் 2,646 ஃப்ளீட்லைன்களை வாங்கியது. டி.எம்.எஸ். எனப்பட்ட இவற்றின் கூண்டுகளைப் பார்க் ராயலும் மெட்ரோ-காம்மெல் வெய்மனும் பகிர்ந்து கட்டின. கூண்டைக் கழற்றி மாற்றும் ஆல்டன்ஹாம் முறை இவற்றுக்கு ஒத்துவரவில்லை. பழுதும் காத்திருப்பும் பெருகின. 1979இலேயே விலக்கல் தொடங்கி, பல வண்டிகள் ஹாங்காங் போன்ற இடங்களுக்கு விற்கப்பட்டன. அங்கே அவை நல்லபடி உழைத்தது, குறை வண்டியிலா பணிமனையிலா என்ற கேள்வியை இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறது. இவை விலகத் தொடங்கிய பிறகும் அவற்றைவிட மூத்த ரூட்மாஸ்டர்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

கடைசி முயற்சி டைட்டன். ரூட்மாஸ்டரைப் போலவே கூண்டும் சட்டமும் ஒன்றான மாடிப் பேருந்து, பின்புற என்ஜினோடு. முன்மாதிரி 1975இல் வந்தது, லண்டன் சேவைக்கு முதல் வண்டிகள் 1978இல். பொறியியலில் குறை சொல்ல இடம் இல்லாத வண்டி. ஆனால் இதுவும் லண்டனின் தேவையை ஒட்டியே வரையப்பட்டதால் விலை கூடியது, பிற நகரங்கள் தயங்கின. மேற்கு மிட்லண்ட்ஸ் ஐந்து வாங்கியதோடு நின்றது, மான்செஸ்டர் பதினைந்து. பார்க் ராயலில் தேர்ந்த தொழிலாளர்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. உற்பத்தி மெல்லத்தான் நகர்ந்தது. புதிய வேலைமுறைகளைப் பற்றி நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இணக்கம் ஏற்படவில்லை. தலைமுறைகளாகக் கற்ற கைத்தொழிலை அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களோடு பகிர்வதில் தொழிலாளர்களுக்கிருந்த அச்சம் அடிப்படையற்றது அல்ல.

அதற்குள் லேலண்ட் பெரும் நட்டத்தில் அரசுடைமையாகியிருந்தது. ஏ.இ.சி.யின் சௌத்தால் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அதே ஆண்டு பார்க் ராயலையும் மூடுவதாக அறிவிப்பு வந்தது. லண்டனுக்கான முதல் 250 டைட்டன்களோடு 1980இல் ஆபி சாலைத் தொழிற்சாலையின் வேலை ஓய்ந்தது. டைட்டன் உற்பத்தியை லோவஸ்டாஃப்டின் ஈஸ்டர்ன் கோச் வொர்க்ஸுக்கு மாற்றும் திட்டத்தை அங்கிருந்த தொழிலாளர்கள் ஏற்கவில்லை. கடைசியில் அது வடமேற்கு இங்கிலாந்தின் வொர்க்கிங்டனுக்குப் போய் 1984 வரை நடந்தது. லோவஸ்டாஃப்ட் தொழிற்சாலையும் 1987இல் மூடப்பட்டது. பார்க் ராயல் கட்டிய ரூட்மாஸ்டர்கள் இவை எல்லாவற்றையும் தாண்டி ஓடின. 1980களின் இறுதியில் சில வண்டிகள் இலங்கைக்கும் போயின. லண்டனில் அவற்றின் வழக்கமான சேவை 159ஆம் எண் தடத்தில் 2005 டிசம்பர் 9இல்தான் முடிந்தது. 17 ஆண்டு உழைக்கும் என்ற கணக்கில் கட்டிய பேருந்து, தன்னைக் கட்டிய தொழிற்சாலை மூடி கால் நூற்றாண்டு கழிந்த பின்னும் ஓடியது.

குடும்பத்தில் மிஞ்சியது ரோ. லீட்ஸின் அந்தப் பட்டறையையும் லேலண்ட் 1984இல் மூடியது. வேலையிழந்தவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த ஆண்டே அதே கட்டடத்தில் ஆப்டேர் என்ற பெயரில் மீண்டும் பேருந்து கட்டத் தொடங்கினர். சிறிய, எடை குறைந்த பேருந்துகளில் அந்த நிறுவனம் பெயர் பெற்றது. 2010இல் அசோக் லேலண்ட் ஆப்டேரில் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2012 தொடக்கத்தில் அதை 75 சதவீதமாக உயர்த்தியது. லேலண்டின் துணையோடு எண்ணூரில் வளர்ந்த நிறுவனம், லேலண்ட் கைவிட்ட பட்டறையின் வாரிசுக்கு உரிமையாளரானது. 2020இல் ஆப்டேர், ஸ்விட்ச் மொபிலிட்டி என்று பெயர் மாறி மின்சாரப் பேருந்துகளில் கவனம் குவித்தது. இரண்டே ஆண்டுகளில் அந்தப் பெயரைத் தாங்கிய மின்சார மாடிப் பேருந்து ஒன்று மும்பையில் அறிமுகமானது.